செம்பவளத்தின் ஒரே ரசிகர்

"தம்பி, உன் பலகை மறுபடியும் செத்துப்போச்சு."

காலை எட்டே காலுக்குக் கைப்பேசி அழைப்பில் வந்த செய்தி இது. சொன்னவர் மலேசியாவின் கூலாயில் இறுதிச் சடங்கு நிறுவனம் நடத்தும் ஐயாசாமி. தொழில் அப்படி என்பதால் குரலில் துக்கம் சரியான அளவில் இருந்தது. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதை மட்டும்தான் சொல்லவில்லை.

திருச்செல்வம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"இந்த வாரத்துல இது மூணாவது தடவை. இன்னைக்கு ரெண்டு மணிக்குக் கோத்தா திங்கில கிருஷ்ணம்மா டீச்சர் காரியம். வர்றவங்க பூரா வாத்தியாருங்க. அதுக்குள்ள சரி பண்ண முடியலன்னா இப்பவே சொல்லிடு. எம் பொண்ணு ஏதோ புதுசா ஒண்ணு காட்டுறா. அதுக்கு மாறிக்கிறேன்."

"ஐயா, ஐயா, அவசரப்படாதீங்க. இதோ கிளம்பிட்டேன்."

பலகை என்பது திருச்செல்வம் பதினோரு வருடங்களுக்கு முன்னால் தன் கையால் எழுதிய தமிழ்த் தட்டச்சுச் செயலி. செனாயில் ஒரு தொழிற்சாலையில் அட்டைப் பெட்டிக்கு லேபல் அடிக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெருமைப்பட அவனிடம் இருந்தது பலகை ஒன்றுதான். ஆரம்பத்தில் முந்நூறு பேர் அதைப் பயன்படுத்தினார்கள். கைப்பேசியிலேயே தமிழ் வந்த பிறகு முந்நூறு என்பது ஐம்பதாகி, ஐம்பது ஆறாகியது. அந்த ஆறு பேரில் இருவர் வேறு செயலிக்கு ஓடிப்போனார்கள். மூவர் காலமானார்கள். அவர்களுக்கும் ஐயாசாமிதான் காரியம் செய்தார், வாழ்க்கைக் குறிப்பைப் பலகையிலேயே அடித்து.

மிச்சம் ஐயாசாமி ஒருவர். அவரும் போய்விட்டால் பலகை என்ற ஒன்று உலகத்தில் இருந்ததற்கே அர்த்தமில்லை. தொழிற்சாலைக்கு வயிற்று வலி என்று எம்.சி. எனும் மருத்துவ விடுப்பு சொன்னதில் பெரிய பொய் இல்லை.

பலகைக்குள் ஒரு சூட்சுமம் உண்டு. விசைப்பலகையில் ஏ, எம், எம், ஏ என்று ஆங்கிலத்தில் தட்டினால் திரையில் அம்மா என்று வரும். உள்ளே கோப்பில் கிடப்பது ஆங்கில எழுத்துதான். அதற்குத் தமிழ் வேஷம் கட்டிவிடுவது செம்பவளம் என்ற எழுத்துரு; அதுவும் திருச்செல்வம் வரைந்ததுதான். செம்பவளத்தை எடுத்துவிட்டு வேறு எழுத்துருவைப் போட்டால் வேஷம் கலைந்து ஏ பி சி டி பல்லை இளிக்கும். இளம் வயதில் தெரியாமல் செய்த வேலை. திருச்செல்வத்துக்கு அது ஒரு மறைக்க வேண்டிய மச்சம் போல.

ஆனால் ஐயாசாமி அதையெல்லாம் பொருட்படுத்தாதவர். கடையின் பெயர்ப்பலகையில் தமிழை இரண்டடி உயரத்துக்கு எழுதியிருப்பவர். கடையில் யாராவது 'ஓகே' என்றால் 'சரி என்று சொல்ல நாக்கு வளையாதா' என்று முறைப்பவர். செம்பவளத்தைத் தவிர வேறு எழுத்துருவைத் தொடமாட்டேன் என்பவர். ஐயா மாதிரி நாலு பேர் இருந்தால் போதும், இந்த நாட்டில் தமிழ் பிழைத்துக்கொள்ளும் என்று திருச்செல்வம் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான்.

கடையில் சவப்பெட்டிகளுக்கு நடுவே மேசை போட்டு, தட்டச்சு செய்யும் சாந்தினி உட்கார்ந்திருந்தாள். அமரர் ஊர்தி ஓட்டும் செல்லப்பன் ஒரு மூலையில் நாசி லெமாக் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐயாசாமி தன் டேப்லட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பைக் கூட்டத்தின் முன்னால் அவர்தான் வாசிப்பார். அவர் வாசித்தால் கல்லும் கரையும் என்று கூலாயில் பெயர். காகிதத்தில் வாசிக்கமாட்டார், காற்றில் பறக்குமாம். டேப்லட்தான். போன வாரம் அதன் இயங்குதளம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதிலிருந்து பலகை பாதியில் மூடிக்கொள்கிறது. திங்கட்கிழமை ஒரு சாவு வீட்டில் திரை அணைந்ததும் ஐயாசாமி ஒரு நிமிடம் அசையாமல் நின்றுவிட்டு, "இது மௌன அஞ்சலி" என்று அறிவித்தார். புதன்கிழமை மௌன அஞ்சலி நான்கு நிமிடம் நீடித்தது. வெயிலில் ஒருவர் மயங்கியே விழுந்துவிட்டார்.

திருச்செல்வம் பிழைப் பதிவைத் திறந்து பார்த்தான். புருவம் உயர்ந்தது.

"ஐயா, மூணு தடவையும் எழுத்துருவ மாத்துன அந்த நொடியிலதான் விழுந்திருக்கு. செம்பவளத்துலருந்து இங்கிலீஷ் எழுத்துருவுக்கு. யாரு மாத்துனது?"

ஐயாசாமி நிமிர்ந்தார். "என்னப் பாத்தா கேக்குற? நான் எதுக்குத் தமிழ விட்டுட்டு இங்கிலீஷுக்குப் போறேன்?"

"சாந்தினி?"

"அலமாக்! நான் அந்த டேப்ப தொட்டதே இல்ல. அவரு தொட விட்டாத்தானே!"

செல்லப்பன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "தம்பி, நான் ஒண்ணு சொல்லவா..."

"செல்லப்பா, வண்டிக்கு எண்ணெய் ஊத்திட்டியா?" என்றார் ஐயாசாமி.

"நேத்தே ஊத்திட்டேன் லா."

"அப்ப போய்க் கழுவு."

செல்லப்பன் போனார். பெரியவர் விரல் தெரியாமல் பட்டிருக்கும் என்று திருச்செல்வம் முடிவு கட்டினான். மாற்ற வசதி இருந்தால்தானே விரல் படும்? எழுத்துரு மாற்றும் பட்டியலையே பிடுங்கி எறிந்தான். இருபது தடவை திறந்து மூடிப் பார்த்தான். பலகை குத்துக்கல்லாக நின்றது.

"ஐயா, இனிமே செம்பவளம் மட்டும்தான். ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது."

ஐயாசாமி டேப்லட்டை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை.

"இது சரியில்ல."

"மூடிக்கிச்சா?"

"மூடல. ஆனா சரியில்ல."

"என்ன சரியில்லன்னு சொன்னா..."

"முன்ன மாதிரி இல்லப்பா. அந்தப் பட்டியல் எங்க போச்சு? அது இருந்தா பாக்க ஒரு லட்சணமா இருந்துச்சு."

வாடிக்கையாளர் சொன்னால் சொன்னதுதான். பட்டியலைத் திரும்பக் கொண்டுவந்தான். வியாதியும் கூடவே வந்தது. வியாதிக்கு மூலம் போன வார இயங்குதளம்தானே, அதையே கழற்றிவிடலாம் என்று இறங்கினான். டேப்லட், 'காத்திருக்கவும்' என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. சாந்தினி பால் விடாத கோப்பி ஓ இரண்டு வாங்கி வந்து கொடுத்தாள். சவப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே குடித்தான். இறங்கவில்லை.

மணி பதினொன்றரைக்கு டேப்லட் கண் திறந்தது. பலகையும் திறந்தது. ஆனால் அந்த இழுபறியில் செம்பவளம் காணாமல் போயிருந்தது. கிருஷ்ணம்மா டீச்சரின் வாழ்க்கை முழுவதும் ஏ பி சி டி-யில் வரிசையாக நின்றது. திருச்செல்வத்துக்கு உடம்பு கூசியது. சட்டென்று திரையைக் கையால் மறைத்தான்.

ஐயாசாமி எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

"இரு, இரு! கைய எடு. இது நல்லாத்தானே இருக்கு!"

"ஐயா, இது வெறும் இங்கிலீஷ் எழுத்து."

"இருக்கட்டும்பா. அவசரத்துக்கு என்ன பண்றது? இப்படியே விட்டுடு."

என் மனம் நோகக்கூடாது என்று கொள்கையையே விட்டுக்கொடுக்கிறாரே என்று திருச்செல்வம் நெகிழ்ந்தான். இப்படிப்பட்ட மனிதருக்கா அரைகுறை வேலை செய்து கொடுப்பது?

"வேணாங்க ஐயா. முப்பத்தஞ்சு வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்த டீச்சர். அவங்க சாவுல இங்கிலீஷ் எழுத்தா? நான் விடமாட்டேன்."

"நான்தான் பரவால்லன்னு சொல்றேனே!"

"உங்களுக்குப் பெரிய மனசு. எனக்கு மானம் இருக்குங்க ஐயா."

செம்பவளத்தைத் திரும்பப் போட்டான். இப்போது பலகை திறந்த கையோடு மூடிக்கொண்டது. மணி பன்னிரண்டு. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பதினோரு வருடமாகச் செய்யப் பயந்த வேலை. கோப்புக்குள் கிடக்கும் ஆங்கில எழுத்தையெல்லாம் அடியோடு நிஜத் தமிழ் எழுத்தாக மாற்றிவிட்டால்? வேஷமே வேண்டாம். எந்த எழுத்துருவைப் போட்டாலும் தமிழ் தமிழாகவே நிற்கும்.

நாற்பது நிமிடம் வெறிபிடித்தவன்போல் தட்டினான். டேப்லட்டில் மாற்றினான், கடைக் கணினியிலும் மாற்றினான். எழுத்துருவை இருபது விதமாக மாற்றிப் பார்த்தான். பலகை அசையவில்லை. ஒவ்வொன்றிலும் தமிழ், தமிழ், தமிழ். அவன் கண் கலங்கிவிட்டது.

"ஐயா, முடிஞ்சது. இனிமே மூடவே மூடாது."

"எழுத்துருவ மாத்துனா?"

"எப்படி மாத்துனாலும் தமிழ்தான். இங்கிலீஷ் எழுத்து எட்டிக்கூடப் பாக்காது."

"பழைய கோப்பெல்லாம்?"

"ஒண்ணு விடாம மாத்திட்டேன். இனி சாந்தினி அடிக்கிறதும் நேரா தமிழாத்தான் விழும்."

"திரும்பப் பழையபடி ஆக்க முடியாதா?"

"முடியவே முடியாதுங்க ஐயா!" என்றான் திருச்செல்வம், பெருமையோடு.

ஐயாசாமி பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தார். பிறகு, "நீயும் வண்டில ஏறு" என்றார்.

கோத்தா திங்கி போய்ச் சேரும்வரை இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் வந்துகொண்டே இருந்தன. செல்லப்பன் வண்டியை ஓட்டினார். நடுவில் உட்கார்ந்திருந்த ஐயாசாமி மடியில் டேப்லட்டை வைத்துக்கொண்டு முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம்கூடத் தள்ளவில்லை. அவ்வளவு அனுபவித்து ரசிக்கிறார் என்று திருச்செல்வம் ஜன்னல் பக்கம் திரும்பி மெல்லச் சிரித்துக்கொண்டான்.

தாமான் குடியிருப்பில் டீச்சர் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். இருநூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேர் ஆசிரியர்கள், மீதிப் பேர் டீச்சரிடம் எழுத்துப் படித்தவர்கள். இரண்டு மணிக்கு ஐயாசாமி ஒலிவாங்கிக்கு முன்னால் போய் டேப்லட்டைத் தாங்கியில் வைத்தார். திரை பளிச்சென்று எரிந்தது. பலகை மூடவில்லை. திருச்செல்வம் கடவுளை நினைத்துக்கொண்டான்.

ஐயாசாமி ஒரு நிமிடம் நின்றார். இரண்டு நிமிடம் நின்றார். கூட்டம் மௌன அஞ்சலி என்று நினைத்து எழுந்து நின்றது.

"என்னால வாசிக்க முடியல. கண்ண மறைக்குது" என்றார் ஒலிவாங்கியில். "இந்தப் பலகைய செஞ்ச தம்பியே வந்து வாசிக்கட்டும்."

திருச்செல்வம் கால் தடுமாறப் போய் வாசித்தான். அவனுக்கு வாசிக்கும் குரல் இல்லை, லேபல் படிப்பது போலத்தான் வாசித்தான். அப்படியும் 'ஆயிரம் பிள்ளைகளுக்கு அகரம் காட்டிய விரல் ஓய்ந்தது' என்ற வரியில் கூட்டம் விம்மியது. மூலையில் நின்ற ஐயாசாமி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு எல்லோரையும்விட அதிகமாக அழுதார். டீச்சருக்கு அவர் ஒரு சொந்தமும் இல்லை. தமிழ் படுத்தும் பாடு என்று திருச்செல்வம் நினைத்துக்கொண்டான்.

எல்லாம் முடிந்து மின்தகன மையத்திலிருந்து கூட்டம் கலைந்தபோது ஐயாசாமி அவன் தோளில் கை வைத்தார்.

"தம்பி, வருத்தப்படாத. நாளையிலருந்து பலகை வேணாம்."

"ஐயா! இன்னைக்கு ஒரு தடவகூட மூடலையே!"

"மூடல. அருமையா இருந்துச்சு. ஆனா எம் பொண்ணு காட்டுனது இருக்கே, அதுவே வாசிச்சும் காட்டுதாம். காதுல மாட்டிக்கிட்டாப் போதும். வயசாகுதுல்ல." அவர் அவன் முகத்தைப் பார்க்காமல் போய், அழைத்துப்போக வந்திருந்த மகளின் காரில் ஏறிக்கொண்டார்.

காலியான அமரர் ஊர்தியில் திருச்செல்வம் முன் இருக்கையில் உட்கார்ந்தான். மழை பிடித்துக்கொண்டது. பதினோரு வருடத்தில் முதல் முறையாகப் பலகையில் பிழை பூச்சியம். பயனர்களும் பூச்சியம். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"செல்லப்பண்ணே, கொஞ்சம் இருந்த கோளாறையும் எடுத்துட்டேன். பிறகும் ஏன் விட்டுட்டுப் போறாரு? என் தமிழ்ல அவருக்கு என்ன குறை?"

செல்லப்பன் மழைத் துடைப்பானைப் போட்டுவிட்டு அவனைப் பாவமாகப் பார்த்தார்.

"அந்த ஏ பி சி டி-யத்தான் தம்பி பதினோரு வருஷமா வாசிச்சுக்கிட்டிருந்தாரு, ஐயா படிச்சது மலாய்ப் பள்ளிக்கூடம், அவருக்குத் தமிழ்ல ஒரு எழுத்துகூட வாசிக்க வராது லா."