மூலையில்லாத கல்யாணப் பத்திரிகை

அம்மா மண்டபம் சாலையில் அன்றைக்கும் கூட்டம் நெட்டித் தள்ளியது. காவிரியில் முழுக வந்தவர்கள் அல்லர். முழுகினால் அழுக்காவது போயிருக்கும். எழுத்துச் சித்தரைப் பார்க்க வந்தவர்கள்.

சித்தரின் கண்டுபிடிப்பு இதுதான்: எழுத்தில் மூலை இருந்தால் லட்சுமியின் காலில் குத்தும். ஆகவே கவராயத்தால் வரைந்து, கோடெல்லாம் ஒரே பருமனாக, முனையெல்லாம் மழுங்கலாக ஓர் அச்செழுத்து வார்க்க வைத்திருந்தார். அதில் 'ப' பாதி வளையலாக நின்றது. தெப்பக்குளத்தருகே அவர் மைத்துனர் அச்சகத்தில் மட்டும் கிடைக்கும். லட்சுமிக்கு வேறு அச்சகம் தெரியாது போலிருக்கிறது.

திருச்சியே உருண்டது. சோடாக் கடை, சினிமாக் கொட்டகை, எல்லாப் போர்டும் உருண்டை. பாடை கட்டுகிறவர்கூடப் போர்டை மாற்றினார். வியாபாரம் பெருகட்டும் என்று ஊரே வாழ்த்தியது.

லால்குடிச் சின்னையன்தான் வகையாக மாட்டிக்கொண்டார். மகள் வீரம்மாளின் கல்யாணப் பத்திரிகையைச் சாதாரண எழுத்தில் அடித்து, மூலையில் மஞ்சள் தடவி ஊரெல்லாம் கொடுத்துவிட்டார். துறையூர்ச் சம்பந்தி வெள்ளைச்சாமி கேட்டாரா? உருண்டை எழுத்தில் மறுபடி அடிக்க வைத்தார். போர்டுக்கு ஆன எழுத்தைப் பொடியாக அடித்ததில் மை அப்பி, முகூர்த்த நேரம் வடைத் தட்டு மாதிரி இருந்தது.

அப்பாவையும் மகளையும் இரண்டு பத்திரிகைகளோடு சித்தரிடம் இழுத்தும் வந்தார். சித்தர் நூலில் கட்டிய ருத்திராட்சத்தைப் பழைய பத்திரிகைமேல் பிடித்தார். நேர்கோட்டில் ஆடியது.

"எமன் வர்ற பாதை. கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிக் காவிரியில விடு."

புதியதன்மேல் வட்டமிட்டது. "லட்சுமி சுத்துறா."

"செஞ்சிடுங்க சம்பந்தி. இல்லேன்னா கல்யாணம் வேணாம்" என்றார் வெள்ளைச்சாமி.

சின்னையனுக்கு அழுகையே வந்தது. கொடுத்த பத்திரிகையைத் திரும்பக் கேட்டால், கல்யாணம் நின்றுபோனதென்று ஊர் பேசாதா? பிறகு எவன் பெண் கேட்டு வருவான்?

பள்ளிக்கூட வாத்தியாரம்மாவான வீரம்மாள் முன்னால் வந்தாள்.

"சாமி, பத்திரிகையைக் கவர்ல போட்டு ஒட்டித் தரேன். எதுல எமன், எதுல லட்சுமின்னு பார்த்துச் சொல்லுங்க."

"காகிதம் மறைச்சா அருள் மறைஞ்சிடுமா? கொண்டா."

அவள் திரும்பி நின்று ஒட்டிக்கொண்டு வந்தாள். முதல் கவரின்மேல் ருத்திராட்சம் நேராக ஓடியது. எமன். இரண்டாவதன்மேல் சுற்றியது. லட்சுமி. வெள்ளைச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீரம்மாள் இரண்டையும் கிழித்துக் காட்டினாள். இரண்டிலும் மைத்துனர் அச்சகத்து உருண்டைப் பத்திரிகை.

சித்தர் கிழிந்த கவரைத் தூக்கிக் காட்டினார். "கவருக்கு மூலை இருக்கே, அதான்..."

"ரெண்டு கவருக்கும் இருக்குங்களே, சாமி."

கூட்டம் சிரித்த சிரிப்பில் சித்தர் ருத்திராட்சத்தை மடியில் செருகிக்கொண்டு நழுவினார்.

"பழைய பத்திரிகையே இருக்கட்டும்மா" என்றார் வெள்ளைச்சாமி, நிலத்தைப் பார்த்தபடி. சின்னையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எழுத்து அழகாத்தான் இருக்கு மாமா. போர்டுல போட்டா பஸ்ல போறவங்ககூடப் படிக்கலாம். அதுக்கு மேல அதுல ஒண்ணுமில்ல" என்றாள் வீரம்மாள்.

அதற்குள் ஒருவர் அவள்முன் கைகூப்பி நின்றார். "தாயே, அப்ப எந்த எழுத்துல அடிச்சா லட்சுமி வருவா? நீங்களே வாக்குச் சொல்லுங்க."

எழுத்தை விடுங்கள் ஐயா. இயற்கை உங்கள் தலையையே மூலையில்லாமல் உருண்டையாகத்தான் செய்து கொடுத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?