ஓடாத கேரவனின் வருடச் செலவு

கேரவன்காரர் என்றொரு இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஏதோ பஸ் ரிப்பேராகி நிற்கிறது என்று நினைத்துக் கடந்து போயிருப்பீர்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை, மடக்கினால் மேஜை விரித்தால் படுக்கை என்று ஒரு முழுக் குடித்தனத்தைச் சக்கரத்தின் மேல் தூக்கி வைத்த வண்டி அது. அதை வாங்குகிறவர்களில் இரண்டு வகை. ஊர் சுற்றுவதற்காக வாங்குகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அவர்கள் கையில் அகப்படவே மாட்டார்கள். இன்னொரு வகை, பராமரிப்பதற்காக வாங்குகிறவர்கள். நான் சொல்ல வந்தது இவர்களை.

அசல் மாதிரி ஒன்று எங்கள் எதிர்வீட்டிலேயே இருக்கிறது. லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனியில் மேற்பார்வையாளர். நாள் முழுக்க மேலே போய்க் கீழே வருகிற பெட்டிகளோடு இருந்தவருக்கு, நேராகப் போகிற பெட்டி ஒன்று வேண்டுமென்று தோன்றியதில் தப்பில்லை. அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர். டீச்சரம்மாவின் அக்கா கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கிறார், முந்நூற்று ஐம்பது கிலோமீட்டர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அக்காவால் பஸ் ஏற முடியாது. "உங்க அக்கா வீட்டு வாசல்லயே கொண்டுபோய் நிறுத்திடறேன்" என்று வாக்குக் கொடுத்துத்தான் மனுஷர் வண்டியை வாங்கினார். வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இன்னும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. என் ஸ்கூட்டரை வெளியே எடுக்க வேண்டுமென்றால் நான் வயிற்றை எக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்களா? பராமரிப்பு முடிய வேண்டாமா? கேரவன்காரருக்கு வருடம் என்பது ஜனவரியில் தொடங்குவதில்லை. வண்டியின் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற தேதியில் தொடங்குகிறது. முதல் மாதம் இன்சூரன்ஸ், அடுத்தது வரி, அதற்கடுத்தது தகுதிச் சான்றிதழ், பிறகு கூரை இடுக்குகளில் மழை இறங்காமலிருக்கப் பசை, பசை காய்வதற்குள் தண்ணீர்த் தொட்டிக்குப் பாசி நீக்கும் மருந்து, எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, உள்ளே விளக்கு எரிய இன்னொரு பேட்டரி, இரண்டும் ஓடாததாலேயே செத்துப் போவதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு சார்ஜர், அந்தச் சார்ஜரை எலி கடிக்காமலிருக்க ஒரு பெட்டி. டயர்கள் தேயவில்லை, ஆனால் வயசாகிவிட்டது என்று ஆறையும் மாற்றினார். கழற்றிய டயர்களில் கம்பெனிக்காரன் ஒட்டிய காகிதம்கூடக் கிழியாமல் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டயர் நகர்த்துகிற வைபவம் உண்டு. ஒரே இடத்தில் நின்றால் டயர் ஒரு பக்கம் சப்பையாகிவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எஞ்சினைப் போட்டு நகர்த்தினால் டீசல் ஆகுமே? ஆகவே தெருவிலுள்ள ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால் நின்று தள்ள, டீச்சரம்மா ஸ்டியரிங்கைப் பிடிக்க, அவர் ஓரமாக நின்று விசில் ஊத, வண்டி ஒன்றரை அடி முன்னால் போகும். மூன்று மாதம் கழித்து அதே ஆட்கள் முன்னால் நின்று ஒன்றரை அடி பின்னால் தள்ளுவோம். எங்கள் தெருவில் முதுகுவலி இல்லாத ஆள் கிடையாது.

உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டால் செருப்பைக் கழற்ற வேண்டும், காலைக் கழுவ வேண்டும், கழுவிய காலைத் துடைக்க வேண்டும். மெத்தையில் உட்காரக் கூடாது, அதன் பிளாஸ்டிக் உறை கிழிந்துவிடும். அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது, கரி பிடிக்கும். கழிவறையைத் திறந்து காட்டுவார், பெருமையாகக் காட்டுவார், ஆனால் உபயோகிக்கக் கூடாது. உபயோகித்தால் அதற்கொரு மருந்து ஊற்ற வேண்டும், அது லிட்டர் என்ன விலை தெரியுமா என்று கேட்பார். கேட்டுவிட்டு அவரே சொல்லுவார். நாம் வாயைப் பிளக்க வேண்டும். பிளக்காவிட்டால் இன்னொரு தரம் சொல்லுவார்.

இங்கேதான் இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். மற்றவர்கள் செலவைச் சொல்லும்போது குரல் தாழும். இவருக்கு ஏறும். கல்யாண வீடோ துக்க வீடோ, பக்கத்து நாற்காலிக்காரர் "அப்புறம், வண்டியெல்லாம் எப்படி இருக்கு?" என்று பேச்சுக்குக் கேட்டுத் தொலைத்தால் போதும்.

"வண்டின்னா சும்மாவா சார்? இந்த வருஷம் ஒண்ணு தொண்ணூத்தாறு."

"ஒண்ணு தொண்ணூத்தாறுன்னா?"

"ஒரு லட்சத்துத் தொண்ணூத்தாறாயிரம். டீசல் சேர்க்காம. டீசல் வேற கணக்கு."

"டீசலுக்கு எவ்வளவு ஆச்சு?"

"அது பெருசா ஒண்ணும் ஆகல" என்பார், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு.

எப்படி ஆகும்? வருடத்துக்கு ஒருமுறை வண்டி மெக்கானிக் கடைக்குப் போகிறது, திரும்பி வருகிறது. மெக்கானிக் நல்ல மனிதர். வருடா வருடம் பில் பணம் கைக்கு வந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிக் கடற்கரைக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவார். அந்த வண்டியால் கடலைப் பார்த்தது அந்த ஒரு குடும்பம்தான்.

டீச்சரம்மாவை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு விடுமுறைக்கும் துணிப்பையை எடுத்து வைப்பார், பிறகு கூரைப் பசை காயவில்லை என்று எடுத்த துணியைத் திரும்ப மடித்து வைப்பார். பஸ்ஸில் போகிறேன் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். "வாசல்ல இவ்வளவு பெரிய வண்டியை வச்சுக்கிட்டு நீ பஸ்ல போனா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்று கேரவன்காரர் கண்கலங்கிவிட்டாராம். அக்கா தங்கை இரண்டு பேரும் ஆறு வருடமாக போனில்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள். சில மாதங்களுக்கு முன்னால் ஒருநாள் போனில், "நீ வர்றதுக்குள்ள எனக்கு அடுத்த முட்டியும் போயிடும்டி" என்று அக்கா சிரித்தாராம். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் டீச்சரம்மா, கணவர் வண்டிச் செலவு எழுதி வைக்கிற நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்டார். எங்கள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, கேட்டது.

"இந்த வருஷம் வண்டி எவ்வளவு தூரம் ஓடிச்சு?"

"மெக்கானிக் கடைக்கு ஏழு. வர்றதுக்கு ஏழு. பதினாலு."

"ஒரு லட்சத்துத் தொண்ணூத்தாறாயிரத்தைப் பதினாலால வகுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வகுத்தார். பிறகு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"ஒரு கிலோமீட்டருக்குப் பதினாலாயிரமா?"

"ஆமாங்க. விமானத்துல போனாக்கூட அவ்வளவு ஆகாது."

அதுவரை அவர் கூட்டியே பழகியவர். வகுத்துப் பார்க்க வேண்டுமென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நிலைகுலைந்து போனார் மனுஷர். ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்ட எண் ஒரே நிமிஷத்தில் மானக்கேடாகிவிட்டதே. "இதை எப்படிக் குறைக்கறது?" என்று கேட்டார், நோயாளி டாக்டரைக் கேட்கிற குரலில். டீச்சரம்மா அவசரப்படவில்லை. அக்கா வீடு முந்நூற்று ஐம்பது என்றார். பதினாலையும் சேர்த்தால் முந்நூற்று அறுபத்து நாலு என்றார். வகுத்தால் ஐந்நூற்று முப்பத்தெட்டுதான் வருகிறது என்றார். பதினாலாயிரம் எங்கே, ஐந்நூற்று முப்பத்தெட்டு எங்கே?

வண்டியின் வருடம் முடிய ஒரே ஒரு நாள்தான் பாக்கி. மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. வண்டி நின்ற இடத்தில் புல் வெள்ளையாக இருந்தது. நான் ஸ்கூட்டரை எடுத்து, சும்மா ஒருமுறை நேராக வெளியே ஓட்டிவிட்டு உள்ளே வைத்தேன்.

இதற்குப் பிறகு நடந்தது, டீச்சரம்மா என் மனைவியிடம் சொல்லி, என் மனைவி என்னிடம் சொன்னது. வழியில் டீ குடிக்க ஹோட்டலில் நிறுத்தினார்கள், அடுப்பு அழுக்காகக் கூடாதே. கழிவறைக்குப் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார்கள். மத்தியானம் கடல்காற்று அடிக்க ஆரம்பித்தது. அக்காவின் தெருவுக்குள் வண்டி திரும்பும்போது அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்டைத் திறந்து வைத்து நிற்கிறார், கையை ஆட்டுகிறார். டீச்சரம்மா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு இவரும் ஆட்டுகிறார். வண்டி கேட்டுக்கு வந்தது. கேட்டைத் தாண்டியது. போய்க்கொண்டே இருந்தது.

"என்னங்க, வீடு வந்தாச்சு. நிறுத்துங்க."

"ஐந்நூத்தி முப்பத்தெட்டுல நிக்குது. இன்னும் இருபத்தொம்பது கிலோமீட்டர் போனா ஐந்நூறுக்குக் கீழ வந்துடும்."

"திரும்பிப் போறப்போ தானா குறைஞ்சுட்டுப் போகுது."

"திரும்பறது நாளைக்கு. அது அடுத்த வருஷக் கணக்கு."

பாருங்கள், தர்க்கத்தில் ஒரு ஓட்டை இல்லை. டீச்சரம்மாவே அசந்துபோனாராம், கணக்குச் சரியாக இருந்ததால். ஆனால் பின்கண்ணாடியில் அக்கா ஆட்டிய கையை இறக்காமல் அப்படியே நிற்பது தெரிந்தது. தெருமுனையில் வேகத்தடை. அங்கே வண்டி மெதுவாகும்போது கதவைத் திறந்து, துணிப்பையை வெளியே போட்டு, பின்னாலேயே குதித்துவிட்டார். ஒரு செருப்பு வண்டிக்குள்ளேயே போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு ஓடினாராம், இந்த வயதில். அக்கா கைத்தடியைப் போட்டுவிட்டு இவரைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

ஒரு மணி நேரம் கழித்து போன் வந்தது. யாருமில்லாத ஒரு உப்பளத்துப் பாதையில் நின்றுகொண்டு கேரவன்காரர் பேசினார்.

"நானூத்தித் தொண்ணூத்தெட்டு" என்றார்.

"சந்தோஷம். நாங்க சாப்பிட்டாச்சு. உங்களுக்கு எடுத்து வச்சிருக்கு" என்றார் டீச்சரம்மா.

ராத்திரி வந்து அக்கா வீட்டுத் தரையில்தான் படுத்தார். வண்டியின் மெத்தை உறை இன்னும் பிரிக்கவில்லை. மறுநாள் அவர் மட்டும் வண்டியோடு திரும்பினார். டீச்சரம்மா பன்னிரண்டு நாள் இருந்து, அக்காவின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வண்டி பழைய இடத்திலேயே நிற்கிறது. வருடத்தின் முதல் நாளே நன்றாக ஓடிவிட்டதால் இந்த வருடத்துக்கு அது போதுமாம். ஆனால் ஒரு மாற்றம் உண்டு. டீச்சரம்மா இப்போதெல்லாம் ஒவ்வொரு விடுமுறைக்கும் அக்காவைப் பார்க்கப் பஸ்ஸில் போகிறார், கேரவன்காரர் மறுப்புச் சொல்வதில்லை. பஸ் ஸ்டாண்ட் வரை கேரவனிலேயே கொண்டுபோய் விடுகிறார். போக நாலு, வர நாலு. கணக்கில் சேருகிறதல்லவா?

சிரித்துவிட்டீர்களா? சிரியுங்கள். உங்களிடம் கேரவன் இல்லை, எனக்குத் தெரியும். விருந்தாளி வந்தால் எடுப்பதற்கென்று கண்ணாடி அலமாரியில் பூட்டி, வாரா வாரம் துடைத்து வைத்திருக்கிற பீங்கான் தட்டுகள் இல்லையா? ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை? நடக்கிற மெஷின்? எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, என் சட்டைகள் அதன் மேல்தான் காய்கின்றன, மாதாமாதம் எண்ணெய் மட்டும் தவறாமல் போடுகிறேன். நேற்று அதன் விலையை நான் அதில் நடந்த அடிகளால் வகுத்தேன். விடையை இங்கே எழுத மாட்டேன், என் மனைவி இதைப் படிப்பாள். நீங்களும் உங்களுடையதை ஒருமுறை வகுத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. எந்தக் கேட்டிலாவது உங்களுக்காக யாராவது கையை ஆட்டிக்கொண்டு நிற்கப் போகிறார்கள்.