அட்டை வீட்டில் அடைபட்ட கதை

கப்பல் பட்டறையில் இருபது வருடங்களுக்கும் மேலாகப் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். புதிதாக வரும் தொழிலாளிகளுக்கு நான் எடுக்கும் முதல் பாடம், எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் வெளியே வரும் வழியைப் பார்த்துவிட்டு நுழையுங்கள் என்பது. சொல்லும்போது விரலை வேறு ஆட்டுவேன். அப்படிப்பட்ட நான் ஓர் அட்டை வீட்டுக்குள் மாட்டிக்கொண்டதைப் பட்டறையில் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. (படிக்கிறவர்களும் சொல்லிவிடாதீர்கள்.)

என் மகள் யாழினி கட்டடக் கலைஞர். குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் பழைய அடுக்குமாடி புளோக்குகளை இடித்துவிட்டுக் கட்டப்போகும் குடியிருப்புக்கு அவளுடைய குழு வடிவமைப்புச் செய்திருந்தது. பெற்றோருக்கு ஒரு சின்ன வீடு, ஒட்டினாற்போல் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய வீடு, நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவுதான் அவள் யோசனை. இரண்டு பக்கமும் டிஜிட்டல் பூட்டு. இரு வீட்டாரும் அவரவர் எண்ணை அழுத்தினால்தான் திறக்கும். மாமியார் சொல்லாமல் நுழைய முடியாது; மருமகளும் சொல்லாமல் பேரனைத் தள்ளிவிட்டுப் போக முடியாது.

அதை முழு அளவில் அட்டையில் செய்து, ஒரு சனிக்கிழமை காலை சமூக மன்றத்தின் மாடி மண்டபத்தில் அதிகாரிகளுக்கும் அங்கே குடிவரப்போகும் மூத்தவர்களுக்கும் காட்ட ஏற்பாடு. கதவு அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் வேலை வேறு குழுவுக்குப் போய்விடும். யாழினி தலைமையேற்றுச் செய்யும் முதல் வேலை. ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சரியாகத் தூங்கவில்லை.

"வாங்கப்பா, ஆனா பின்னாடி உக்காருங்க. எதையும் தொடாதீங்க, ப்ளீஸ் லா," என்றாள்.

அரை மணி நேரம் முன்னதாகவே போய், முன்வரிசை நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டையும், அது போதாதோ என்று கைப்பேசியையும் வைத்து இடம் பிடித்தேன். மண்டபத்தில் யாருமில்லை. யாழினியும் மற்றவர்களும் கீழே அதிகாரிகளுக்காகக் காத்திருந்தார்கள்.

அட்டைச் சுவர்கள் ஆள் உயரம், கூரை கிடையாது. கதவு மட்டும் நிஜம். நல்ல கனமான மரக் கதவு, நிஜ நிலை, நிஜப் பூட்டு. சின்ன வீட்டுக்குப் போக அது ஒன்றுதான் வழி, லேசாகத் திறந்திருந்தது. ஒரு தகப்பனாக எனக்கு ஒரே கவலை: இது சரியாக மூடுமா? உள்ளே போய் மூடிப் பார்த்தேன். பிரமாதமாக மூடியது.

என் பக்கத்து எண் எனக்குத் தெரியாது. மகளின் பிறந்தநாளை அழுத்தினேன். திறக்கவில்லை. மனைவியின் பிறந்தநாள். இல்லை. என்னுடையது. (கொஞ்சம் ஆசைதான்.) திருமண நாளை அழுத்தும்போது தேதியில் எனக்கே சந்தேகம் வந்ததால் இரண்டு விதமாகவும் போட்டேன். பூட்டு 'கீக் கீக்' என்று கத்திச் சிவப்பாகி, ஆங்கிலத்தில் பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொன்னது.

அப்போது சுவருக்கு மேலே ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. பிறகு, எட்டிப் பார்க்கும் ஒரு முகம். ஹமீது பாய். எண்பதை நெருங்கும் அவர், அங்கே குடிவரப்போகும் மூத்தவர்களில் ஒருவர்; இடிபட்ட புளோக்கில் முப்பது வருடம் குடியிருந்தவராம்.

"உள்ள என்ன தம்பி பண்றீங்க?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அட்டைதானே. ஒரு உதை விட்டா வெளிய வந்துடலாம்."

"என் பொண்ணு கட்டினதுங்க."

அவர் சற்று யோசித்தார். பிறகு, வெகுகாலம் உள்ளே இருக்கப்போகிறவனுக்குத் தருவதுபோல, மசாலா அடைத்த ஒரு கறிபாப்பைச் சுவருக்கு மேலாக நீட்டினார்.

அதை வாங்கும்போதே கூட்டம் வந்துவிட்டது. யாழினியின் குரல் கதவை நெருங்கியது. தன் பக்கத்து எண்ணை அழுத்தினாள். கதவு அசையவில்லை. தட்டினாள்.

"உள்ள யாரு?"

"நான்தாம்மா."

தட்டுவது நின்றது.

"எந்த நான்?"

"அப்பா."

அவள் குரல் கதவிடுக்குக்கு இறங்கியது. "உங்க நம்பர் ஒண்ணு ரெண்டு மூணு நாலுப்பா," என்று கிசுகிசுத்தாள். (பாதுகாப்பு அதிகாரி யாராவது அதை முயன்று பார்ப்பாரா?) ஆனால் பூட்டு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

பிறகு அவள், ஒரு மூத்த குடியிருப்பாளரை உள்ளே உட்காரவைத்திருப்பதாக ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது. ஓர் அதிகாரி அம்மாள் நாற்காலி மேல் ஏறிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, அங்கிளுக்கு என்ன வயது என்று கேட்டார். எனக்கு ஐம்பத்து மூன்று. மகளுக்காக எழுபத்தொன்று என்றேன். அவர் துளியும் சந்தேகப்படாமல் குறித்துக்கொண்டார். அன்று நடந்தவற்றில் என்னை அதிகம் காயப்படுத்தியது இதுதான்.

கட்டிலில் உட்கார வசதியாக இருக்கிறதா என்றார். உட்கார்ந்தேன். கட்டிலும் அட்டை. அது மெதுவாக உள்ளே போக, என் கால்கள் மேலே வந்து சுவரில் இடித்தன. மூன்று சுவர்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் சாய்ந்தன. முப்பது பேருக்கு எதிரே, மல்லாந்தபடி, கையில் கறிபாப்போடு கிடந்தேன். கதவு மட்டும் தன் நிலையோடு தனியாக நின்றது.

அந்த நேரம் பார்த்துப் பூட்டு பச்சையானது.

நான் எழுந்தேன். மூன்று பக்கமும் திறந்த வெளி. என்ன தோன்றியதோ, கதவிடம் போய் ஒண்ணு ரெண்டு மூணு நாலு அழுத்தினேன். யாழினியும் பேயறைந்தவள்போல் தன் எண்ணை மறுபடி அழுத்தினாள். கதவைத் திறந்து, வெளியே வந்து, சாத்தினேன்.

"ஒழுங்கான மனுஷன்," என்றார் ஹமீது பாய்.

அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை. தீப்பிடித்திருந்தால் இவர் எப்படி வந்திருப்பார் என்று கேட்டார். யாழினி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஹமீது பாய்தான் எழுந்தார். "எனக்கு இந்தக் கதவு வேணும்மா. நம்பர்தான் வேணாம். எங்க பக்கம் ஒரு பட்டன் வைங்க. இவர மாதிரி வயசானவங்க பதட்டத்துல எதயாச்சும் அமுக்குவாங்க."

யாழினி மார்க்கரை எடுத்து, விழுந்துகிடந்த சுவர் மேலேயே மண்டியிட்டு வரைந்தாள். பெரிய சிவப்புப் பட்டன்; அழுத்தினால் உடனே திறக்கும், பக்கத்து வீட்டில் மணியும் அலறும். மாமியார் வருகிறார் என்றும் தெரிந்துவிடும். மூத்தவர்கள் கைதட்டினார்கள்.

வேலை அவளுக்கே கிடைத்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை, சாவியை மறந்துவிட்டுப் போயிருந்த நான் செங்காங்கில் உள்ள எங்கள் வீட்டு அழைப்புமணியை அழுத்தினேன்.

"யாரு?" என்றது அவள் குரல்.

"நான்தான்."

"எந்த நான்?"

அன்றிலிருந்து என் வீட்டில் இதுதான் சட்டம். மனைவியும் கேட்கிறாள். பிறகு யாழினியைக் கட்டிக்கொண்டு புதிதாக வந்த மாப்பிள்ளை கூடக் கேட்கிறார். பக்கத்து வீட்டார் காதில் விழ, "எழுபத்தொரு வயசு நான்" என்று சத்தமாகச் சொன்னால்தான் கதவைத் திறக்கிறார்கள்.