ஈவாவுக்கு ஆட்டு இன்சூரன்ஸ்

பெண் பார்க்க வியாழக்கிழமை வருகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் கடிதம் போட்டிருந்தார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே பூனை வந்து சேர்ந்துவிட்டது.

கொண்டுவந்தவன் ஏசுவடியானின் மைத்துனன். கப்பலில் சமையல்காரன். கனடா பக்கத்துச் சாதிப் பூனை என்று அக்கா அற்புதமேரியின் மடியில் வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போய்விட்டான். அதன் உடம்பில் மருந்துக்கும் ஒரு முடி கிடையாது. வேதத்து முதல் பெண்ணைப் போலப் பிறந்தமேனியாக நின்றதால் மகள் ஜெப ஷீலா அதற்கு ஈவா என்று பேர் வைத்து, தன் பாயிலேயே படுக்கவும் வைத்துக்கொண்டாள்.

அருப்புக்கோட்டையில் அதுவரை யாரும் அப்படியொரு பூனையைப் பார்த்ததில்லை. பால்காரி மூக்கம்மாள் மறுநாள் படியேறவில்லை. செம்பை வாசலில் வைக்கச் சொல்லி எட்ட நின்று ஊற்றினாள்.

"ஏம்மா, வீட்ல எல்லாருக்கும் சொறியா, பூனைக்கு மட்டுந்தானா?"

அற்புதமேரி பழைய ஜாக்கெட் துணியில் ஒரு சட்டை தைத்து ஈவாவுக்குப் போட்டுவிட்டாள். அதைப் பார்த்ததும் மூடி மறைக்க வேண்டிய வியாதிதான் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது.

ஏசுவடியானுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. கைத்தறிச் சங்கத்தில் எழுத்தர். ஞாயிறுதோறும் சர்ச்சில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிறவர். ஷீலாவுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தன. இதுவும் ஒரு பூனையால் போனால் எந்த முகத்தோடு சர்ச்சுக்குள் நுழைவது?

"யாருக்காச்சும் குடுத்துருவோம்," என்றார்.

"குடுங்க. நானும் அது கூடவே போறேன்," என்றாள் ஷீலா.

எதிர்வீட்டு மாரிக்கண்ணன் ஆடுமாடுகளுக்கு இன்சூரன்ஸ் பிடிக்கிறவர். அவர்தான் வழி சொன்னார்.

"இன்சூரன்ஸ் போட்டுருங்கண்ணே. டாக்டர் கையெழுத்தோட, நோயில்லன்னு சீல் குத்தி வரும். அத ஃப்ரேம் போட்டு மாட்டினா, அப்புறம் யாரு வாயத் தொறப்பாக?"

"பூனைக்கு உண்டாய்யா?"

"பூனைக்குன்னு அச்சடிச்ச பாரம் கெடையாது. மாடு, செம்மறி, கோழி, மூணுதான். உங்களுக்கு எது தோதுப்படும்?"

மாட்டுப் பாரத்தை எடுத்தார்கள். தினம் எத்தனை லிட்டர் கறக்கும் என்று அது கேட்டது. கோழிப் பாரம் நூறு உருப்படிக்குக் குறைந்தால் ஆகாது. செம்மறிப் பாரத்தில், 'ரோமம் கத்தரிக்கப்பட்டதா?' என்று ஒரு கேள்வி இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஈவாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுதாண்ணே பொருந்துது," என்று மாரிக்கண்ணன் 'ஆம்' போட்டார்.

கையெழுத்துப் போட, ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் ஒருவர் திருச்சுழியில் இருந்தார். புதன்கிழமை காலை ஈவாவைக் கூடையில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டு பஸ் ஏறினார் ஏசுவடியான். பாதி வழியில் துண்டை விலக்கிக்கொண்டு தலை வெளியே வந்தது. முன்சீட்டு அம்மாள் கைக்குழந்தையோடு எழுந்து நின்றாள்.

"யாருதுய்யா இது?" என்றார் கண்டக்டர்.

"எங்க பூனை இல்ல. ஒருத்தவுக குடுத்துவிட்டாக."

பக்கத்தில் இருந்த வெள்ளை மீசைக்காரர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டார். "அந்த வீட்டு ஆளுகளுக்கும் ஒட்டியிருக்குமோ?"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

"எங்க பூனை இல்லன்னு சொல்றேன்ல. பக்கத்து வீட்டுக்காரவுக பூனை. குடும்பமே சொறிஞ்சிக்கிட்டுத்தான் இருக்காக. நாங்க அந்தப் பக்கமே போறதில்ல."

"அடப் பாவமே," என்று மீசைக்காரர் வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டார். ஏசுவடியானுக்கு வெட்கமாக இருந்தது. கூடைக்குள்ளிருந்து ஈவா அவர் விரலை நக்கியது. அப்போது இன்னும் வெட்கமாக இருந்தது.

டாக்டர் பூனையைப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார், பிறகு ஏசுவடியானை வெகுநேரம் பார்த்தார்.

"நோயில்ல, தோலும் சுத்தம். அத மட்டும் எழுதித் தாரேன். இது என்ன ஜீவன்ங்கறத நீங்களும் ஆண்டவரும் பேசி முடிவு பண்ணிக்கிடுங்க."

சீல் குத்திய பாரம் அன்று சாயங்காலமே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி, முன்னறைச் சுவரில் தொங்கியது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை கிறிஸ்டோபர், அவன் அம்மா, பின்னால் தாய்மாமன். தாய்மாமனுக்கு வெள்ளை மீசை. கும்பிடத் தூக்கிய கை ஏசுவடியானுக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஒங்கள எங்கயோ பாத்திருக்கேன்," என்றார் மாமன்.

"வெக்கையா இருக்கு, ஃபேனு போடுறேன்."

"வேணாம், வேணாம்," என்று மாப்பிள்ளையின் அம்மா பதறினார். "காத்து அவனுக்கு ஆகாது."

தொண்ணூற்றாறாம் வருஷத்துச் சித்திரை வெயில் வீட்டுக்குள்ளேயே வாட்டியது. கிறிஸ்டோபரின் நெற்றியில் வேர்வை கோடுகோடாக இறங்க, அவன் கழுத்தைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

பின்கட்டில் பூட்டி வைத்திருந்த ஈவா ஜன்னல் வழியாக வந்து, நேரே மாப்பிள்ளையின் மடியில் ஏறிப் படுத்தது. மாமன் எழுந்துவிட்டார்.

"இது அந்த பஸ்ஸுப் பூனையில்ல?"

"எங்க பூனை இல்ல," என்றார் ஏசுவடியான், மூன்றாவது தடவையாக. பக்கத்து வீட்டுச் சேவல் பட்டப்பகலில் ஒரு கூவல் கூவியது. வேதபாடம் நடத்துகிறவருக்கு, சேவல் கூவுமுன் மூன்று தரம் ஆண்டவரையே தெரியாது என்று மறுதலித்த சீடன் ஞாபகத்துக்கு வந்தான்.

மாமன் சுவரருகே போய், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "உரிமையாளர் ஏசுவடியான். இனம் செம்மறி ஆடு. ரோமம் கத்தரிக்கப்பட்டது. பேரு ஈவா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"எங்க பூனைதான்," என்றார் ஏசுவடியான். "முடி இல்லாததப் பாத்து என்ன நெனப்பீகளோன்னு வெக்கப்பட்டுட்டேன். பஸ்ஸுல சொன்னதும் பொய்யி. எம்மகளுக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க எந்திரிச்சுப் போனாலும் தப்பில்ல."

காப்பித் தட்டோடு வந்த ஷீலா அதைக் கீழே வைத்தாள்.

"முடி இல்லாததுல எனக்கு ஒரு வெக்கமும் இல்லப்பா. அத ஒளிச்சு வச்சுத்தான் கல்யாணம் நடக்கணும்னா, எனக்கு அந்தக் கல்யாணமே வேணாம்."

மாப்பிள்ளையின் அம்மா மகனைப் பார்த்தார். மகன் மாமனைப் பார்த்தான். மாமன் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏலே கிறிஸ்டோபரு, பொண்ணு சொன்னது காதுல விழுந்துச்சுல்ல, அந்த டோப்பாவக் கழட்டி வச்சுட்டு ஃபேனப் போடச் சொல்லுலே."