நெஞ்சின் மேல் ஒரு செம்புத் தண்ணீர்

நாலு பேர் தோளில் போகும் யோகம் மனிதனுக்கு ஒரே ஒரு தடவைதான். வாரா வாரம் போய், போன ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே நடந்து வீடு திரும்பிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஜவ்வாது மலையில் நான் ஒயர்மேனாக இருந்த ஊரில் அவருக்குப் பெயர் மிலிட்டரி. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று யாராவது கேட்டால் முறைப்பார். அவர் துப்பாக்கிக்காரர் இல்லை. அடிபட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தவர். சுடுவதற்கு ஒரு விரல் போதும், தூக்குவதற்குத்தான் மூளை வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த மூளை எங்கள் நாலு பேருக்கும் இல்லை என்பதும் அவர் கட்சிதான்.

நாலு பேர் என்றால் டீக்கடை கோவிந்தன், சாமை பயிரிடும் மாணிக்கம், பைக் மெக்கானிக் ஏழுமலை, அப்புறம் நான். ஊருக்கு அப்போது தார் ரோடு கிடையாது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து, கல்லும் மேடுமான பாதையில் இரண்டு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போய்த்தான் ஆம்புலன்சில் ஏற்ற வேண்டும். அதற்கு ஆள் தயார் செய்கிறேன் என்று மிலிட்டரி எங்களைப் பிடித்துக்கொண்டார். நான் மற்ற மூவரையும் விடக் குள்ளம். என் தோளில் மட்டும் இரண்டு துண்டை மடித்து வைத்து உயரத்தைச் சரிசெய்தார்.

விஷயம் சுலபம்தான். முன்னால் இருப்பவர்கள் இடது காலை எடுத்து வைத்தால், பின்னால் இருப்பவர்கள் வலது காலை வைக்க வேண்டும். எல்லோரும் ஒரே காலை வைத்தால் கட்டில் தொட்டில் ஆகிவிடும். இதைச் சோதிக்க மிலிட்டரி தானே கட்டிலில் மல்லாந்து படுத்து, நெஞ்சின் மேல் செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்வார். நாவல் மரம் வரைக்கும் ஒரு சொட்டு சிந்தக் கூடாது. மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பாறை மேடு இருந்தது. அங்கே தவறாமல் சிந்தும். ஏழுமலையின் கால் மாறிவிடும்.

"இன்னாடா ஏழுமல, இருக்கறதே ரெண்டு காலு. அதுலயும் கொழப்பமா?"

ஏழுமலைக்கு முடிந்ததும் என் முறை. "ஒயர்மேன் சார், உங்க காலும் உங்க கரண்டு மாதிரிதான். எப்ப வரும் எப்ப போவும்னே தெரியல."

உண்மையைச் சொன்னால், சிந்திய தண்ணீரில் பாதி அவர் திட்டுவதற்காக எழுந்து உட்கார்ந்ததில் சிந்தியது. அதை அவரிடம் சொல்ல எங்களில் யாரும் பிறக்கவில்லை.

ஒருநாள் செங்கத்திலிருந்து புளி வாங்க வந்த வியாபாரி எதிரே வந்துவிட்டார். நாலு பேர், கட்டில், மேலே ஆடாமல் அசையாமல் ஒரு பெரியவர். பாவம், பைக்கை ஓரமாக நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கைகூப்பி நின்றார். கட்டில் பக்கத்தில் வந்ததும் மிலிட்டரி கண்ணைத் திறந்து, "வண்டிய இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க, பேஷண்ட் போவணும்" என்றார். வியாபாரி ஓடிய ஓட்டத்தை நான் அதற்கப்புறம் யாரிடமும் பார்த்ததில்லை. சாயங்காலம் செருப்பையும் வண்டியையும் எடுத்துப் போக வேறு ஆள்தான் வந்தது.

இந்தக் கூத்தை எல்லாம் மிலிட்டரியின் மனைவி குப்பம்மா வாசலில் புளி கொட்டை நீக்கியபடி பார்த்துக்கொண்டிருப்பார். நனைந்த சட்டையோடு கணவர் திரும்பினால், "இன்னிக்கும் எறங்கி நடந்துதான் வர்றியா?" என்று மட்டும் கேட்பார்.

சிரித்தோமே தவிர, ஒரு ஐப்பசி மழையில் மாணிக்கத்தின் மகளுக்கு வலி எடுத்தபோது அந்தக் கால்கள்தான் கை கொடுத்தன. மிலிட்டரி முன்னால் குடையோடு கத்திக்கொண்டே ஓடினார். நாங்கள் இடது, வலது என்று பின்னால் போனோம். ஆஸ்பத்திரியில் சுகப் பிரசவம். ஆட்டமே தெரியவில்லை, அந்தத் தாத்தா கத்தியதுதான் தாங்கவில்லை என்றாள் அந்தப் பெண். மெடல் வாங்கியது போல அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார் மிலிட்டரி.

அன்றைக்குத்தான் டீக்கடையில் அவரிடம் கேட்டேன், ஏன் இந்தச் செம்புப் பைத்தியம் என்று. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"போர்ல ஒருத்தன நானும் இன்னொருத்தனும் அவசரத்துல ஒரே கால வச்சி ஓடித் தூக்கியாந்தோம். பொழைச்சிட்டான். ஆனா வழி நெடுக்க அம்மா அம்மான்னு கத்தினான் சார். அது குண்டு குடுத்த வலி இல்ல. நான் குடுத்தது."

அதற்கப்புறம் நான் செம்பைக் கேலி செய்யவில்லை.

பிறகு தார் ரோடு வந்தது, ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்தது. இனி ஒத்திகை எதற்கு என்று கோவிந்தன் கேட்டுப் பார்த்தான். இடுகாட்டுக்கு இன்னும் ரோடு போடவில்லை என்றார் மிலிட்டரி. அது நாவல் மரத்தைத் தாண்டி, அதே பாதையில்தான் இருந்தது. தன்னைக் கொண்டுபோகும் அன்றைக்காவது ஒரு சொட்டு சிந்தாமல் மரத்தைத் தாண்டிவிட வேண்டும், அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். எங்கள் லட்சணத்துக்கு அது நடக்கும் என்று நாங்கள் நம்பவில்லை.

நான் மாற்றலாகி மலையிலிருந்து இறங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. போன தை மாசம் ஏழுமலையிடமிருந்து போன்.

"சார், மிலிட்டரி போய்ட்டாரு. காலைல என்னத் திட்டிட்டுப் போய்ப் படுத்தாரு, எழுந்திருக்கல. பின்னால எடது பக்கம் உங்க எடம் காலியா இருக்குது. வர்றீங்களா?"

போனேன். மடித்த துண்டு இரண்டும் தயாராக இருந்தன. மேளம் வேண்டாம் என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தாராம். மேளம் அடித்தால் எல்லோர் காலும் ஒன்றாகிவிடும். குப்பம்மா செம்பைக் கொண்டுவந்து அவர் நெஞ்சின் மேல் வைத்தார். விளிம்பு வரைக்கும் தண்ணீர். "கொறைவா ஊத்தினா திட்டுவாரு" என்றார்.

நடந்தோம். பாறை மேடு வந்தது. ஏழுமலை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினான். எனக்கும் அன்றைக்குக் கரண்டு போகவில்லை. நாவல் மரத்தையும் தாண்டிவிட்டோம்.

"சார், சிந்தல" என்றான் ஏழுமலை, திரும்பாமல்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவை. யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. எங்களைத் திட்ட அவருக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டதே என்றுதான் இருந்தது. அவர் கேட்டது மரம் வரைக்கும்தான். அதனால் நாலடி தள்ளி நான் வேண்டுமென்றே காலை மாற்றி வைத்தேன். கட்டில் ஆடியது. தண்ணீர் அவர் காக்கிச் சட்டையில் கொட்டியது.

நாலு பேரும் நின்றுவிட்டோம். யார் கால் என்று ஒருவரும் கேட்கவில்லை. வழக்கமாக அவர் திட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் நின்று கேட்டுவிட்டு நடந்தோம்.