வடிகட்டி பாய் மாட்டிய பில்டர்

செங்கல்பட்டில் அந்த நாளில் வடிகட்டி பாயின் துணிக்குத் தப்பிய தண்ணீர் ஒன்றே ஒன்றுதான், கொளவாய் ஏரித் தண்ணீர். அதுவும் அவ்வளவு பெரிய துணி அவருக்குக் கிடைக்காததால் தப்பியது. மற்றபடி குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், மோர், ரசம், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து எதுவுமே வடிகட்டாமல் அவர் உடம்புக்குள் போனதில்லை. டீக்கடைக்கே சட்டைப் பையில் சொந்த வடிகட்டியோடு போவார். மாஸ்டர் ஒரு முறை வடிகட்டிக் கொடுத்ததை அவர் முன்னாலேயே இன்னொரு முறை வடிகட்டிக் குடிப்பார். மாஸ்டர் முகத்தை அந்த நேரத்தில் பார்க்க முடியாது. பாய் வடிகட்டாமல் விட்டது தன் பேச்சை மட்டும்தான்.

அவருடைய உண்மைப் பெயர் லாட்ஜ் மேனேஜருக்காவது தெரிந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. கடைகடையாகப் போய் பார் சோப்பு ஆர்டர் எடுப்பது அவர் தொழில். நான் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். லாட்ஜில் எங்கள் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த அறை. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதுதான் எனக்கு முக்கிய வேலை. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போக வேண்டும். ஐஸ் கரைந்தால் மருந்து வீண், மாடு பருவம் தப்பினால் போன காரியமே வீண். நான் டாக்டர் இல்லை என்று ஆயிரம் தடவை சொல்லியும் பாய் என்னை டாக்டரே என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் சாயங்காலம் என் வண்டி லாட்ஜ் வாசலில் இரண்டு முறை இருமியது. அவ்வளவுதான், பாய் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். "பில்டர் போயிருச்சி டாக்டரே. எனக்கு சத்தத்துலயே தெரிஞ்சிபோச்சி," என்றார். வடிகட்டி விஷயத்தில் அவர் சொல்வதை மறுக்க நான் யார்? மெக்கானிக் வேறு மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தான். வேண்டாம் பாய், அவன் வரட்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கடைவீதிக்குப் போய்ப் புது பில்டர் வாங்கி வந்துவிட்டார்.

பில்டர் என்றால் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. பெட்ரோல் டேங்குக்கு அடியில் இருக்கும் குழாய்க்குள் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சல்லடை. பழசைக் கழற்றிப் புதுசை மாட்ட மெக்கானிக்குக் கால் மணி நேரம் ஆகும். பாய் இருட்டும் வரைக்கும் மாட்டினார். டேங்கில் இருக்கும் பெட்ரோலை முதலில் இறக்க வேண்டும் என்பது, குழாயைக் கழற்றி அது தன் லுங்கியில் கொட்டிய பிறகுதான் அவருக்குத் தோன்றியது. லாட்ஜில் குளிக்க வைத்திருந்த வாளியைக் கொண்டுவந்து பிடித்தோம். பிடித்த பெட்ரோலை மல் துணியை நாலாக மடித்து வடிகட்டி, திரும்பவும் வடிகட்டி, போதாது என்று மூன்றாம் முறையும் வடிகட்டினார். மேனேஜர் வந்து, யாராவது பீடி பற்ற வைத்தால் லாட்ஜே போய்விடும் என்று தலையில் அடித்துக்கொண்டார். பாய் அவருக்குத் தூசியைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்து அனுப்பிவிட்டார்.

மாட்டி முடித்து உதைத்தால் வண்டி கிளம்பவில்லை. பாய்க்குப் புது பில்டரின் ஓட்டை பெரிதாகத் தெரிந்ததாம், அதற்குள் ஒரு சுற்று மல் துணியை வைத்திருக்கிறார். பெட்ரோல் சொட்டக்கூட இல்லை. நான் கத்தியதும் துணியை எடுத்தார். இப்போது வாஷர் சரியாக உட்காராமல் குழாய் ஒழுகியது. அதற்கு அவரிடம் சரக்கு இருந்தது. பையிலிருந்து ஒரு பார் சோப்பை எடுத்து, பிசைந்து, ஒழுகும் இடத்தில் அப்பினார். ஒழுகல் நின்றது, வண்டியும் கிளம்பியது. நானும் போனால் போகிறதென்று போய்ப் படுத்துவிட்டேன். சோப்பில் ஒரு உருண்டை அவர் கையில் மிச்சம் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிராமத்திலிருந்து பச்சையம்மா என்பவளின் புருஷன் பஸ் ஏறி வந்து நின்றான். கூலி வேலை செய்யும் குடும்பம். அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு செவலை மாடு. அதற்கு நான் ஏற்கெனவே இரண்டு முறை ஊசி போட்டு இரண்டு முறையும் சினை நிற்கவில்லை. மாடு விடிந்ததிலிருந்து கத்துகிறது, பருவத்துக்கு வந்துவிட்டது என்றான். "இந்த வாட்டியும் நிக்கலன்னா சந்தைக்கு ஓட்டிடுவேன் சார். அவ அளுதுகினு கீறா. நான் இன்னா பண்றது, எத்தினி நாளைக்கு வெறும் மாட்டக் கட்டித் தீனி போடறது," என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினான். மலட்டு மாடு சந்தையிலிருந்து எங்கே போகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிளாஸ்கோடு வாசலுக்கு வந்தால் பாய் வண்டிப் பக்கத்தில் தயாராக நிற்கிறார். தான் மாட்டிய பில்டர் எப்படி ஓடுகிறது என்று தானே பார்க்க வேண்டுமாம். தகராறு செய்ய நேரமில்லை. பின்னால் ஏற்றி, பிளாஸ்கை அவர் மடியில் கொடுத்தேன்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வண்டி ஜோராகப் போனது. பாய் என் காதருகே பில்டரின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று இன்ஜின் இழுத்து இழுத்து நின்றது. பாய் இறங்கி, டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார், மூடினார். ரப்பர் பைப்பைக் கழற்றி வாயால் ஊதினார், பெட்ரோலைத் துப்பினார், மாட்டினார். உதைத்தேன், கிளம்பியது. "பைப்புல காத்து பூந்துகிச்சி, அவ்ளோதான்," என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்றது. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து மூடிவிட்டு, இந்த முறை பிளக்கைக் கழற்றித் துடைத்தார். கிளம்பியது. அப்போ பிளக்தான் என்றார். அடுத்த முறையும் டேங்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கார்புரேட்டரை ஸ்பேனரால் தட்டினார். அதற்கும் கிளம்பியது. அவர் எதைத் தொட்டாலும் வண்டி கிளம்பும், கிளம்பிய வண்டி கூப்பிடு தூரம் போய் நிற்கும். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அந்த வண்டியில் அவர் கை வைக்காத இடம் ஹாரன் மட்டும்தான். கடைசியில் குறை வண்டியில் இல்லை, நான் கனமாக இருக்கிறேன் என்று ஒரு புதுக் காரணம் கண்டுபிடித்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே புளியமரத்தடியில் விட்டுவிட்டுப் போயிருப்பேன், பிளாஸ்க் அவர் கையில் இருந்தது.

பிளாஸ்கை வாங்கித் திறந்து பார்த்தேன். ஐஸ் பாதிக்கு மேல் தண்ணீராகி இருந்தது. பச்சையம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இனி நீங்கள் வண்டியைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று பாயிடம் சொல்லிவிட்டு, டேங்க் மூடியை நானே திறந்தேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. டேங்குக்குள் காற்றுப் போக அந்த மூடியில் ஊசித் துவாரம் ஒன்று இருக்கும். காற்றுப் போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். மூடியைத் திருப்பிப் பார்த்தேன். துவாரத்தைக் காணோம். அந்த இடத்தில் மஞ்சளாகச் சோப்பு.

அப்போதுதான் புரிந்தது. அவர் செய்த வைத்தியத்தால் ஒரு தடவைகூட வண்டி கிளம்பவில்லை. எட்டிப் பார்க்க மூடியைத் திறந்தாரே, அதனால் கிளம்பியிருக்கிறது.

"இது இன்னா பாய்?" என்றேன். என் வாயிலேயே அவர் பேச்சு வந்துவிட்டது.

"அதுவா? அந்த ஓட்டை வழியா தூசி உள்ள போவுது டாக்டரே. பில்டருக்கு வேலை கொறையட்டுமேன்னு நாந்தான் நேத்து அடைச்சேன்," என்றார், பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு.

நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பத்திரிகைக்காரர்கள் அச்சடிக்க மாட்டார்கள். பாய் அவசர அவசரமாகக் கருவேல முள் ஒன்றைப் பிடுங்கி வந்து சோப்பைக் குத்தினார். முள் துவாரத்துக்குள் உடைந்து உட்கார்ந்துகொண்டது. சோப்பு மட்டும் இருந்த இடத்தில் இப்போது சோப்பும் முள்ளும். வேறு வழியில்லாமல் மூடியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். டேங்க் வாயில் பாயின் கைக்குட்டையைப் போட்டு, அவரைப் பின்னாலிருந்து என் இடுப்பைச் சுற்றி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். குண்டு குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் பெட்ரோல் தளும்பி என் பேண்டில் கொட்டியது. ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் வண்டி நிற்கவில்லை.

எதிரே கூடை நிறைய மீனும் ஐஸுமாக ஒரு சைக்கிள் வந்தது. நிறுத்துங்க என்றார் பாய். மீன்காரர் ஐஸ் தர முடியாது, மீன் கெட்டுவிடும் என்றார். பாய் பையைத் திறந்து, கடைக்காரர்களுக்குக் காட்ட வைத்திருந்த மாதிரி சோப்புகளை எல்லாம் அவர் கூடை மேல் அடுக்கினார். "ஒரு மாட்டு உசுரு அண்ணாத்த," என்றார். அந்த மனிதர் பாயின் முகத்தைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ, இரண்டு கை நிறைய ஐஸ் அள்ளிக் கொடுத்தார். அவ்வளவு அவசரத்திலும் பாய் அதைக் கழுவித் துணியில் ஒற்றித்தான் பிளாஸ்கில் போட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி தாண்டிவிட்டது. பச்சையம்மா ரோட்டிலேயே நின்றிருந்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "கத்தறது கொறஞ்சிட்டுது சார். இன்னும் நேரம் கீதா?" என்று மட்டும் கேட்டாள். ஊசியைப் போட்டேன். பாய் மாட்டின் முகத்துப் பக்கம் போய் நின்றவர், அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போதும் பேசவில்லை. அன்றிலிருந்து லாட்ஜில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

சினை நின்றதா என்று கை விட்டுப் பார்க்க மூன்று மாதம் ஆக வேண்டும். அதுவரைக்கும் சந்தைப் பேச்சை எடுக்காதே என்று பச்சையம்மாவின் புருஷனிடம் கெஞ்சிக் கூத்தாடித் தவணை வாங்கியிருந்தேன். அந்த நாளும் வந்தது. கையை விட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. சினைதான் என்றதும் பச்சையம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் போய் ஒரு கட்டுப் புல்லை எடுத்துவந்து மாட்டின் முன்னால் போட்டான். சீக்கிரம் போட்ட இரண்டு ஊசியும் நிற்கவில்லை, தாமதமாகப் போட்டது நின்றுவிட்டது. சிலசமயம் கொஞ்சம் தாமதித்துப் போடுவதே நல்லது என்பார்கள். அப்படியானால் பாயின் சோப்புதான் மாட்டைக் காப்பாற்றியதா? இந்தச் சந்தேகத்தை அவரிடம் மட்டும் சாகும்வரை சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். சொன்னால் ஊரில் ஒரு டேங்க் மூடி தப்பாது.

கிளம்பும்போது பச்சையம்மா, "பாயாண்ட சொல்லிடு சார். வாராவாரம் வந்துகினு இருந்தாரு," என்றாள்.

எதற்கு வந்தார் என்று கேட்டேன்.

"மாட்டாண்ட நின்னுகினு, என் மேலதான்மா தப்பு, அந்த டாக்டரு மேல ஒண்ணும் இல்ல, எப்படியாச்சும் நின்னுடும்மான்னு சொல்லிட்டுப் போவாரு. எங்களாண்ட ஒரு வார்த்தை பேச மாட்டாரு. மாட்டாண்டதான்."

லாட்ஜுக்குத் திரும்பியதும் அவர் அறை வாசலில் நின்று, சினை நின்றுவிட்டது என்று சொன்னேன். பாய் தலையை ஆட்டினார். அல்லா என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாடு கன்று போட்ட செய்தி ஒரு காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தது. நல்ல பிரசவம், ஊசி மருந்து எதுவும் தேவையில்லை. எனக்கு அன்று அந்தப் பக்கம் வேலையே கிடையாது. நான் பார்க்காத கன்றுக்குட்டியும் கிடையாது. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக லாட்ஜுக்குப் போய், அவர் வெளியே வரும்வரைக்கும் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தேன்.

"ஏறுங்க பாய்," என்றேன்.