மாப்பிள்ளையின் சட்டையில் ஒரு சந்தேகம்

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் நிம்மதியைக் கெடுப்பவர்களுக்கு என்ன குறை.

நீங்கள் கைபேசியில் அனுப்பிய மாப்பிள்ளை படத்தைப் பார்த்தோம். உங்கள் தங்கை "லட்சணமா இருக்கான்" என்றாள். மகள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். நான் சட்டையைப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் கத்தரி பிடித்தவன் முகத்தையா பார்ப்பான்? இடது தோள் தையல் அரை விரல் இறங்கியிருக்கிறது. பை கோணல். மூன்றாவது பட்டனுக்குக் கீழே துணி இழுக்கிறது, ஆனால் தொப்பையைக் காணோம். தொப்பை இல்லாத இடத்துல துணி எதுக்கு மச்சான் இழுக்கணும்? கை உள்ள எவனும் இப்படித் தைக்க மாட்டான். ஆக, இது மனிதன் தைத்த சட்டையே இல்லை என்று முடிவு கட்டினேன்.

நேரே எதிர்க்கடை போட்டோக்காரரிடம் ஓடினேன். அவர், "அண்ணே, இப்ப ஏஐ படத்துக்குன்னு சின்னச் சின்ன ஆட்-ஆன் வருது. நிறைய படத்தைக் காட்டி ஒரே வேலைக்குன்னு பழக்கி வச்சிருப்பாங்க. துணி மடிப்பு நிஜமாத் தெரிய ஒண்ணு, உடம்பு நிஜமாத் தெரிய ஒண்ணு. திரையில இருக்கற பட்டையை இப்படித் தள்ளினா மடிப்பு கூடும், அப்படித் தள்ளினா தொப்பை குறையும்" என்றார். நான் நம்பவில்லை என்றதும் என்னையே நிற்கவைத்துப் படமெடுத்து, தள்ளிக் காட்டி, எங்கள் வீட்டுக் கைபேசிக்கும் அனுப்பிவிட்டார். மச்சான், என் தொப்பை போன இடம் தெரியல! சட்டை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, மடிப்பெல்லாம் அச்சு அசல். இந்தப் பையனையும் யாரோ இப்படித் தள்ளியிருந்தால்? இருக்கறது ஒரே பொண்ணு, ஆளே இல்லாத சட்டைக்கா கட்டிக் கொடுக்கறது? உங்கள் தங்கையோ, "நம்ம கல்யாணத்தன்னிக்கே எங்க அண்ணன் போட்டிருந்த கோட்டைத் திருப்பித் தையலைப் பாத்த மனுஷன்தானே நீங்க" என்கிறாள். மகள் சாப்பிடாமல் பட்டனுக்குக் காஜா போட்டுக்கொண்டிருக்கிறாள். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள், அவர்கள் வளர்ந்துவிட்டதாக நீங்கள் அனுப்பிய படத்தை, அவர்களை நேரில் பார்த்துத்தான் நம்புவேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளையே கடைக்கு வந்துவிட்டார். அதே சட்டை, அதே இறங்கின தோள். ஆள் நிஜம், தொப்பையும் கிடையாது. காலரைத் திருப்பினேன். உள்ளே நம் கடைப் பெயர். போன வருடம் கண்ணாடி மாற்றுவதற்கு முன்னால் நான் தைத்தது! "அளவுச் சட்டை கொடுத்ததும், தச்சதை வாங்கினதும் உங்க பொண்ணுகிட்டதாங்க. தோள் சரியில்லைன்னு சொல்லத்தான் திரும்பி வந்தேன். அவங்க முகத்தைப் பாத்ததும் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்" என்றார். மச்சான், மேலே எழுதியது எதையும் படிக்காதீர்கள், உடனே கல்யாணத் தேதி குறியுங்கள். ஒரே ஒரு சிக்கல். போட்டோக்காரர் தள்ளிக் காட்டிய என் படத்தை உங்கள் தங்கை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். வாசலில் நின்ற என்னிடம் மாப்பிள்ளை முதலில் கேட்டதே, "பொண்ணோட அப்பா இல்லீங்களா?" நான்தான் என்றேன். கைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னும் நம்பவில்லை.